வீடும் வீதியும்: கேள்வி பதில்

*குரோம்பேட்டையில் 1981-இல் அப்பா கட்டிய வீடு. அப்போது மூன்று படி ஏறி உள்ளே போவோம். இப்போது தெருவிலிருந்து ஒரு படி இறங்குகிறோம். ஐப்பசி வந்தால் வராந்தா வரை தண்ணீர். ஜாக்கி வைத்துத் தூக்கிவிடலாம் என்கிறான் தம்பி. பில்டரிடம் கொடுத்துவிடலாம் என்கிறார் என் கணவர். அம்மா இரண்டுக்கும் மறுக்கிறார். எது சரி?*
*- வாசகி, குரோம்பேட்டை*

வீடு இறங்கவில்லை அம்மா, ரோடுதான் ஏறிவிட்டது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் தலைமேலேயே புதுத் தார் ஊற்றினால் வேறென்ன ஆகும்? சுரண்டி எடுத்த பிறகே (இதைத்தான் மில்லிங் என்பார்கள்) புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவே போட்டார். அதே வருடம்தான் உங்கள் ஊரும் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்தது. அடுத்த முறை ஜல்லி வந்து இறங்கியதுமே தெருக்காரர்கள் நாலு பேராகப் போய் "மில்லிங் பண்ணிட்டுப் போடுங்க" என்று கேளுங்கள். ரோடு போட்டு முடித்த பிறகு மனு கொடுத்துப் பலனில்லை.

ஜாக்கி விஷயத்துக்கு வருகிறேன். அஸ்திவாரத்தைச் சுற்றித் தோண்டி, சுவருக்கு அடியில் வரிசையாக ஜாக்கிகளைச் செருகி, எல்லாவற்றையும் ஒரே சீராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுவார்கள். உயர்ந்த இடைவெளியில் செங்கல் கட்டுவார்கள். செய்யக்கூடிய வேலைதான். ஆனால் அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் பிளிந்த் பீம், அதாவது அஸ்திவாரத்துக்கு மேல் சுவருக்கு அடியில் ஓடும் கான்கிரீட் உத்தரம், இருக்காது; சுவரே பாரம் தாங்கும். ஆகவே தூக்குபவர் சொல்வதை மட்டும் நம்பாமல், ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரிடம் தனியாகக் காட்டுங்கள். இன்னொன்று, சுவரும் கூரையும்தான் மேலே போகும், தரை போகாது. மண் கொட்டி நிரப்பிப் புதுத் தரை போட வேண்டும். குழாய், செப்டிக் டேங்க் இணைப்பு எல்லாம் மறுபடி முதலிலிருந்து. கொட்டேஷனில் இதெல்லாம் இருக்கிறதா என்று கேளுங்கள். அம்மா மறுப்பது அந்த சிவப்பு ஆக்சைடு தரைக்காகவோ என்னவோ, அதையும் கேட்டுவிடுங்கள். நாற்பது வருடம் துடைத்துப் பளபளப்பேற்றிய தரை அது.

பில்டர் என்றால், கட்டி முடிக்கும்வரை அம்மா எங்கே இருப்பார், அந்த வாடகை யார் பொறுப்பு, தாமதமானால் என்ன செய்வார்கள், உங்களுக்கு எவ்வளவு யுடிஎஸ் (மனையில் பிரிக்காத பங்கு) என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் எல்லா பில்டரும் தங்கமானவர்கள்.

என் கருத்து: இந்த மழைக்கு முன் செப்டிக் டேங்க் குழாயில் தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் வால்வு போடுங்கள், சம்ப் வாயை உயர்த்துங்கள். தெருத் தண்ணீரைவிடக் கழிவறை வழியாக வரும் தண்ணீர்தான் ஆளை வீட்டைவிட்டுத் துரத்துகிறது. மற்றதை அம்மாவோடு உட்கார்ந்து கோடையில் பேசலாம்.

*குடிநீர் இணைப்பு வந்துவிட்டது. பின்பக்க உறைகிணற்றை மூடிவிட்டு கார் நிறுத்த இடம் பண்ணலாமா?*
*- வாசகர், நங்கநல்லூர்*

மூடாதீர்கள். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 900 லிட்டர். ஒரே இரவில் பத்து சென்டிமீட்டர் பெய்வது சென்னைக்குப் புதிதல்ல. கணக்குப் போட்டுப் பாருங்கள், முக்கால் லாரித் தண்ணீர். 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது பலர் பேருக்கு ஒரு குழி வெட்டினார்கள். உங்களுக்குக் கிணறே இருக்கிறது. மாடிக் குழாயை மணலும் கூழாங்கல்லும் போட்ட வடிகட்டித் தொட்டி வழியாக அதில் விடுங்கள். மேலே கம்பி வலை போடுங்கள். கார் தெருவில் நிற்கட்டும், எல்லார் காரும் அங்கேதானே நிற்கிறது!

*வாசலில் புங்கமரம் வாஸ்துப்படி ஆகாதாமே?*
*- வாசகர், சேலையூர்*

ஏப்ரல் மாதம் அதன் நிழலுக்கு வண்டி கொண்டுவருபவர்களைக் கேளுங்கள். சுற்றுச்சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. சுவரில் விரிசல் தெரிந்தால் மட்டும் மறுபடி எழுதுங்கள்.