தூளுக்குப் போகும் காசு எங்கள் கையால் போகாமல் இருக்க: கேள்வி பதில்

யாழ்ப்பாணத்தில் 14 வருடமாக உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். அதற்கு முன்னரே என் சொந்தத் தம்பியோடு இதே பாட்டைப் பட்டவள். போதைக்கு அடிமையானவர்களின் வீட்டாரிடமிருந்து வந்த கேள்விகளில் ஊரை மட்டும் வைத்துக்கொண்டு பெயர்களை எடுத்துவிட்டேன்.

கொக்குவில், ஓர் அம்மா: மகனுக்கு 22 வயது. தூள் (ஹெரோயின்) பாவிக்கிறான். காலையில் 2000 ரூபா கொடுக்காவிட்டால் வீட்டுச் சாமானைத் தூக்கிக்கொண்டு போகிறான். வெளியில் களவெடுத்துப் பிடிபடுவதை விட நான் கொடுப்பது நல்லதுதானே?

அம்மா, நானும் இதே கணக்குத்தான் போட்டேன். தம்பி வாங்கிய கடனை மூன்று தரம் அடைத்தேன். மூன்றாம் தரம் அடைத்த அன்றிரவு, குசினியில் சீனிப் போத்தலுக்குப் பின்னால் எங்கள் அம்மாவின் காப்பை அடகு வைத்த துண்டு கிடந்தது. அம்மாவுக்கு அது தெரியும், எனக்குச் சொல்லவில்லை. காப்பு இருந்த இடம் மட்டும் மணிக்கட்டில் வெளிறிப்போய் வட்டமாகத் தெரிந்தது. அதை நான் எத்தனை நாள் பார்க்காமல் இருந்தேனோ.

உங்கள் 2000 ரூபா களவை நிறுத்தாது, பிந்தவைக்கும், அவ்வளவுதான். உடம்பு பழகப் பழகப் பழைய அளவு போதாமல் வரும், நாளைக்கு 3000 கேட்பான். ஆகவே காசை நிறுத்துங்கள், சோற்றை நிறுத்தவேண்டாம். சாப்பாடு, உடுப்பு, படுக்க இடம் எல்லாம் கொடுங்கள். கிளினிக்குக்குப் போவதென்றால் நீங்களே ரிக்கற் எடுத்துக் கூடப் போங்கள். கையில் காசாக மட்டும் எதுவும் வேண்டாம். போனுக்கு ரீலோட் கூட நீங்களே போட்டுவிடுங்கள். நகையையும் காணி உறுதியையும் நம்பிக்கையான வேறு வீட்டில் வையுங்கள்.

இதை அவன் தெளிவாக இருக்கும் நேரம் பார்த்துச் சொல்லுங்கள். நீளமாக வேண்டாம். "காசு தரமாட்டன். ஆஸ்பத்திரிக்கு எண்டால் இப்பவே வாறன்." எத்தனை தரம் கேட்டாலும் இதே பதில். பத்து நாள் மறுத்துவிட்டுப் பதினோராம் நாள் கொடுத்தீர்கள் என்றால், பத்து நாள் கத்தினால் கிடைக்கும் என்று அவன் பழகிக்கொள்வான்.

ஆனால் கத்தியைத் தூக்கினான், கை நீட்டினான் என்றால் அன்றைக்கு இந்தக் கதை ஒன்றும் வேண்டாம். காசைக் கொடுத்துவிட்டு வெளியில் வாருங்கள், பிறகு பொலிஸுக்கு அறிவியுங்கள்.

கனடாவில் இருந்து ஓர் அண்ணா: அம்மாவின் பேரில் அனுப்பினாலும் காசு தம்பியிடம்தான் போய்ச் சேருகிறது. நிறுத்தினால் அம்மா அழுகிறா.

அண்ணா, அம்மாவுக்கு அனுப்புவதை நிறுத்தாமல் வழியை மாற்றுங்கள். கரண்ட் பில்லை நீங்களே கட்டுங்கள், கடைக் கணக்கை நேராகக் கடைக்காரருக்குக் கொடுங்கள். வெளிநாட்டில் நீங்கள் எத்தனை பேர் இருந்தாலும் எல்லோரும் ஒரே பதில் சொல்லவேண்டும். யார் இளகியவரோ, இரவு இரண்டு மணிக்கு அவருக்குத்தான் வட்ஸ்அப் அழைப்பு வரும்.

சாவகச்சேரி, ஓர் அக்கா: பொலிஸ் வந்தபோது அம்மா தம்பியின் பொட்டலத்தை அரிசி வாளிக்குள் ஒளித்துவிட்டா.

இதை இனி ஒருநாளும் செய்யவேண்டாம். ஒளித்தவரின் கையில் இருந்ததாகத்தான் வழக்கு வரும். ஹெரோயின் 2 கிராமுக்கு மேல் என்றால் எங்கள் சட்டத்தில் ஆயுள் தண்டனை, மரண தண்டனை வரை போகும். இன்னொன்றும் தெரிந்திருங்கள்: 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம், போதைக்கு அடிமையானவரைச் சிகிச்சைக்கு அனுப்ப நீதவானுக்கு இடம் கொடுக்கிறது. சட்டத்தரணியிடம் அதைக் கேளுங்கள்.

பருத்தித்துறை, ஓர் அப்பா: கலியாணம் கட்டிவைத்தால் திருந்துவான் என்கிறார்கள்.

வேண்டாம் ஐயா. இன்னொரு வீட்டுப் பிள்ளை மருந்தில்லை.

அச்சுவேலி, ஒரு மாமா: அறையில் பூட்டிவைத்து ஒரு கிழமையில் நிறுத்தலாமா?

பூட்டவேண்டாம். தூளை விட்டு அரை நாளுக்குள் உடம்பு உளைவு, வயிற்றோட்டம், வாந்தி தொடங்கும். இரண்டாம் மூன்றாம் நாள்தான் ஆகக் கடுமை. ஒரு கிழமையில் பெரும்பாலும் தணியும், ஆனால் தண்ணீர்ச்சத்து இறங்கினால் ஆபத்து. ஐஸ் (மெதம்பெற்றமின்) என்றால், விட்ட பிறகு நாள் கணக்காகத் தூங்குவான். அந்த நேரம் மனம் அடியோடு விழுந்து, சாகிற எண்ணம் வரலாம். தனியே விடக்கூடாது. சாராயத்தோடு, பிரகபாலின் என்ற நரம்பு வலிக் குளிசையோடு பழகியவன் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். எதை எடுக்கிறான் என்பதே பல வீடுகளில் சரியாகத் தெரியாது, பிறகு எப்படிப் பூட்டுவது? யாழ் போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலோ மனநலப் பிரிவில் காட்டுங்கள், இலவசம். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 1927க்கு எடுங்கள், அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம். அவன் வரமாட்டேன் என்றாலும் நீங்கள் தனியே போய்க் கதைக்கலாம்.

குருநகர், ஒரு தங்கச்சி: என் கணவர் ஐஸ் பாவிக்கிறார். வேலைக்குப் போகாத நாளில் காய்ச்சல் என்று முதலாளிக்குச் சொல்வது நான்தான். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும்.

முதலாளியிடம் போட்டுக் கொடுக்கச் சொல்லவில்லை, தங்கச்சி. போனை அவர் கையில் கொடுங்கள், "நீங்களே கதையுங்கோ" என்று. வேலை போகுமோ என்ற பயத்தை இப்போது நீங்கள் மட்டுமே சுமக்கிறீர்கள். அவருக்கு அது தெரியவே இல்லை. பிள்ளைகளுக்கும் பொய் வேண்டாம். "அப்பாவுக்கு வருத்தம், அதற்கு நீங்கள் காரணமில்லை" என்றால் போதும். அவர் நிதானமாக வீட்டில் இருக்கும் நாளில் கூட இருந்து சாப்பிடுங்கள், நல்லாய்க் கதையுங்கள். அந்த நாளுக்கு ஒரு ருசி இருக்கவேண்டும்.

நல்லூர், ஓர் அம்மா: நாலு மாதம் விட்டிருந்தான். போன கிழமை திரும்பத் தொடங்கிவிட்டான். எல்லாம் வீண்தானா?

வீணில்லை அம்மா. ஆனால் இதுதான் ஆகப் பயமான நேரம். நாலு மாதம் விட்ட உடம்பு பழைய அளவைத் தாங்காது, மூச்சு நின்றுவிடக்கூடும். எழுப்பியும் எழும்பவில்லை, குறட்டை போல இழுத்து மூச்சு விடுகிறான், உதடு நீலம் என்றால் ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள். பொலிஸ் வரும் என்று நினைத்து மினைக்கெடவேண்டாம். காசு இல்லை என்ற பதிலும், ஆஸ்பத்திரிக்குக் கூட வருவேன் என்ற பதிலும் அப்படியே இருக்கட்டும். என் தம்பி இரண்டு தரம் திரும்ப விழுந்தவன். மூன்றாம் தரம் கிளினிக் கொப்பியை அவனே எடுத்துக்கொண்டு வந்து கேற்றடியில் நின்றான்.