புனைபெயரில் எழுதியவருக்குப் பொலிஸ் அழைப்பு

கேள்வி: நான் முல்லைத்தீவு, கேப்பாப்புலவுப் பக்கம். ஆமி வேலிக்குள்ள கிடக்கிற எங்கட காணியையும் கிணத்தையும் படமெடுத்து முகநூலில் புனைபெயரில் எழுதி வாறன். போன கிழமை சிவில் உடுப்பில் ரெண்டு பேர் வந்து அம்மாவிட்ட விசாரிச்சவை. பிறகு கோல் எடுத்து, போனையும் கொண்டு பொலிசுக்கு வரச் சொல்லீட்டினம். பெயரை மறைச்சது குற்றமா? எல்லாத்தையும் அழிச்சுவிடவா?

பதில்: தம்பி, ஒன்றையும் அழிக்காதீர்கள். அழித்தால் 'சாட்சியத்தை மறைத்தார்' என்று அதையே உங்கள் மேல் திருப்புவார்கள்.

புனைபெயரில் எழுதுவது குற்றமல்ல. இன்னொருவரின் பெயரில், அவராகவே நடித்து ஏமாற்றுவதுதான் 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் (இணையத்தில் எழுதுவது, பகிர்வது பற்றிய சட்டம்) குற்றம். பொய்க் கூற்றுக்கு 5 வருடம் வரை சிறை என்றும் அச்சட்டம் மிரட்டுகிறது. ஆனால் பொய்யென்று தெரிந்தே எழுதியதைத்தான் அது பொய்க் கூற்று என்கிறது. நல்லெண்ணத்தோடு சொன்ன அபிப்பிராயம் அதற்குள் வராது. காணி பெர்மிற்றின் பிரதியை இன்றே ஒரு சட்டத்தரணியிடம் கொடுத்து வையுங்கள்.

பெயரை மறைத்ததற்காக நீங்கள் கூச்சப்படவே தேவையில்லை. ரம்சி ராசிக் என்ற ஓய்வுபெற்ற அரச ஊழியர் சொந்தப் பெயரில் ஒரு முகநூல் பதிவு போட்டதற்காக 2020 ஏப்ரலில் பிடிபட்டு ஐந்து மாதத்துக்கு மேல் மறியலில் கிடந்தார். அவருடைய உரிமை மீறப்பட்டதென்று உயர் நீதிமன்றம் சொல்ல 2023 நவம்பர் ஆனது. குருந்தூர்மலையில் விகாரை கட்டுவது தொடர்பான வழக்கை விசாரித்த முல்லைத்தீவு நீதிபதியே 2023 செப்டெம்பரில் உயிரச்சுறுத்தல் என்று பதவியைத் துறந்து நாட்டைவிட்டுப் போனார். நீதிபதிக்கே அந்த நிலை என்றால், தனியே வீட்டிலிருக்கும் உங்கள் அம்மாவை நினைத்துப் பாருங்கள்.

ஆனால் நீங்கள் போட்ட கிணற்றுப் படத்தின் இடது மூலையில் உங்கள் பனையோலை வேலியும் நீலத் தண்ணீர்த் தாங்கியும் அப்படியே தெரிகின்றன. ஊரவன் ஒருவன் பார்த்தால் போதும். சிம்மும் உங்கள் அடையாள அட்டையில்தானே இருக்கிறது.

வாய்ச்சொல் அழைப்புக்குத் தனியே போகாதீர்கள். சாட்சியாகக் கூப்பிடுவதற்கும் எழுத்திலான கட்டளை வேண்டும் என்கிறது குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம். அதைத் தமிழில் கேளுங்கள். வடக்கின் நிர்வாக மொழி தமிழ். சட்டத்தரணியோடு போங்கள். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்கவே வேண்டாம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராகவே செல்லும். போனைப் பறித்தால் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். உங்கள் முகநூல் பக்கத்தில் எங்காவது தடைசெய்யப்பட்ட இயக்கத்தின் சின்னமோ படமோ இருந்தால், போவதற்கு முன்பே சட்டத்தரணியிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். காணிக்காக எழுதுவது வேறு, அது வேறு. வழக்கும் அங்கேதான் பாரமாகும்.

உங்கள் பேச்சுரிமை அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரையில் இருக்கிறது. அதை மீறினால் 126 ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகவேண்டும். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் நாட்கள் கணக்கில் சேராது; வவுனியாவில் அலுவலகம் இருக்கிறது. வந்தவர்கள் என்ன திகதி, எத்தனை மணி, எந்த மோட்டார் சைக்கிள், என்ன கேட்டார்கள் என்று அம்மாவிடம் கேட்டு இன்றிரவே கொப்பியில் எழுதி வையுங்கள். அந்த ஒரு மாதம் ஏற்கெனவே ஓடத் தொடங்கிவிட்டது.