டிப்ரஷனுக்கு மாத்திரை சாப்பிட்டவர் அமெரிக்காவில் துப்பாக்கி வாங்க முடியுமா?

கேள்வி: ஹூஸ்டனில் கேஸ் ஸ்டேஷன் வைத்திருக்கிறேன். கிரீன் கார்டு உண்டு. ராத்திரி ஷிஃப்டில் தனியாக நிற்பதால் ஒரு கைத்துப்பாக்கி வாங்கலாம் என்று யோசனை. சில வருடங்களுக்கு முன் டிப்ரஷன் முற்றி, மனைவி வற்புறுத்தியதால் நானாகவே போய் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் சேர்ந்தேன். மாத்திரை இன்னும் தொடர்கிறது. கடையில் தரும் ஃபாரத்தில் மனநலம் பற்றி ஒரு கேள்வி இருக்கிறதாமே? 'ஆம்' என்றால் துப்பாக்கி கிடைக்காது. 'இல்லை' என்றால் பொய்யாகிவிடுமா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதுபோலவே நடந்திருந்தால், 'இல்லை' என்பதுதான் உண்மையான பதில்.

அந்த ஃபாரத்தின் எண் 4473. லைசென்ஸ் உள்ள எந்த டீலரிடம் வாங்கினாலும் இதை நிரப்பியாக வேண்டும். இதிலுள்ள மனநலக் கேள்வி 1968-ஆம் ஆண்டு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலிருந்து வந்தது. அது கேட்பது இரண்டே விஷயம். மனநோய் காரணமாக நீங்கள் உங்களுக்கோ பிறருக்கோ ஆபத்தானவர், அல்லது சொந்தக் காரியங்களைப் பார்த்துக்கொள்ள இயலாதவர் என்று கோர்ட்டோ சட்ட அதிகாரம் உள்ள வேறு அமைப்போ எப்போதாவது தீர்மானித்திருக்கிறதா? உங்கள் விருப்பத்துக்கு மாறாக, முறையான உத்தரவின் பேரில் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டீர்களா? என்ன நோய் என்றோ, என்ன மாத்திரை என்றோ, எத்தனை முறை டாக்டரைப் பார்த்தீர்கள் என்றோ அங்கே யாரும் கேட்பதில்லை. தானாகப் போய்ச் சேர்ந்ததும், வெறும் கண்காணிப்புக்காக வைத்திருந்ததும் கணக்கில் வராது என்று விதிகளிலேயே தெளிவாக இருக்கிறது. துப்பாக்கி விற்குமுன் வாங்குபவருக்குத் தடை உண்டா என்று எஃப்.பி.ஐ. பார்க்கும் பேக்ரவுண்ட் செக்குக்கும் உங்கள் டாக்டரின் குறிப்பேட்டுக்கும் தொடர்பு கிடையாது.

கையெழுத்துப் போடுமுன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நாமாகப் போனோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். உள்ளே போன பிறகு டாக்டர் கோர்ட்டுக்கு எழுதி உத்தரவு வாங்கியிருக்கலாம். அந்த நிலையில் நமக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. எனவே ஆஸ்பத்திரியின் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் எழுதிக் கேட்டு, அட்மிஷன் காகிதத்தில் 'வாலன்டரி' (தன் விருப்பப்படி) என்று இருக்கிறதா பாருங்கள். அதைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. இவ்வளவு தூரம் சொல்லக் காரணம், 4473-இல் தெரிந்தே பொய் எழுதினால் பத்து வருடம் வரை சிறை. கிரீன் கார்டும் கையை விட்டுப் போகலாம்.

நோயைப் பார்க்காமல் உத்தரவைப் பார்ப்பது சரிதானா என்று சிலர் கேட்பார்கள். சரி என்றே நினைக்கிறேன். 'டாக்டரிடம் போனால் துப்பாக்கி கிடைக்காது' என்று ஆகிவிட்டால் துப்பாக்கிப் பிரியர்கள் யாரும் டாக்டரிடம் போகவே மாட்டார்கள். ஆனால் உத்தரவு இருந்தும் அது பேக்ரவுண்ட் செக் பார்க்கும் கணினிப் பட்டியலுக்குப் போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அமெரிக்கா பார்த்துவிட்டது. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக மாணவன் ஒருவனை 2005 டிசம்பரில் ஒரு நீதி அதிகாரி, 'தனக்குத் தானே ஆபத்தானவன்' என்று தீர்மானித்து, வெளிநோயாளியாகச் சிகிச்சை பெற உத்தரவிட்டார். மத்திய சட்டப்படி அதுவே போதும், அவனுக்குத் துப்பாக்கி விற்றிருக்கக் கூடாது. ஆனால் உள்நோயாளி உத்தரவுகளை மட்டும் அனுப்பும் வழக்கம் வர்ஜீனியாவில் அப்போது இருந்ததால், அவன் பெயர் பட்டியலில் ஏறவில்லை. பேக்ரவுண்ட் செக்கைத் தாண்டியே இரண்டு பிஸ்டல் வாங்கினான். 2007 ஏப்ரல் 16 அன்று 32 பேரைக் கொன்றான். இறந்தவர்களில் கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து போன பேராசிரியர் ஜி.வி. லோகநாதனும் ஒருவர். அதற்குப் பிறகுதான், மாநிலங்கள் இந்த விவரங்களை அனுப்பத் தூண்டும் சட்டம் 2008 ஜனவரியில் கையெழுத்தானது.

கேள்வி: என் மைத்துனன் கலிஃபோர்னியாவில் படிக்கிறான். போன வருடம் தற்கொலை செய்துகொள்ளப் போவதாக நண்பனிடம் சொல்ல, போலீஸ் வந்து '5150' என்று சொல்லி ஆஸ்பத்திரியில் 72 மணி நேரம் வைத்திருந்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறான், ஷூட்டிங் கிளப்பில் சேர்ந்து சொந்தத் துப்பாக்கி வாங்க வேண்டும் என்கிறான். முடியுமா?

பதில்: இப்போது முடியாது. ஹூஸ்டன்காரருக்குச் சொன்னது மத்திய சட்டம். மாநிலங்கள் அதற்கு மேல் இன்னும் இறுக்கலாம், கலிஃபோர்னியா நன்றாகவே இறுக்கியிருக்கிறது. 5150 என்பது ஆபத்து என்று கருதுபவரைக் கட்டாயமாக ஆஸ்பத்திரியில் வைக்கும் அந்த மாநிலச் சட்டப் பிரிவு. அதில் பிடித்து அட்மிட் செய்துவிட்டால் ஐந்து வருடம் துப்பாக்கி வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. ஒரே வருடத்துக்குள் இரண்டாவது முறை நடந்தால் ஆயுள் முழுக்கத் தடை. டிஸ்சார்ஜின்போது இதற்கான காகிதத்தைக் கொடுத்திருப்பார்கள், தேடிப் பாருங்கள். தடையை நீக்கும்படி கோர்ட்டில் விசாரணை கேட்க அவனுக்கு உரிமை உண்டு. 72 மணி நேரத்தோடு விடாமல் 14 நாள் கட்டாயச் சிகிச்சைக்கு நீட்டித்திருந்தால் மத்திய சட்டமும் குறுக்கே வரலாம். அப்போது வக்கீல் இல்லாமல் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

இல்லினாயில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே துப்பாக்கி வைத்திருக்கவே 'ஃபாய்ட்' (FOID) என்ற மாநில அடையாள அட்டை வேண்டும். கடந்த ஐந்து வருடத்தில் மனநல மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்திருந்தால், தானாகச் சேர்ந்திருந்தாலும், அந்த அட்டை கிடைப்பது சிக்கல்.

மைத்துனன் விஷயத்தில் சட்டத்தை விட்டுவிட்டு ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை செய்துகொள்கிறவர்கள். கிளப்பிலேயே வாடகைத் துப்பாக்கி தருவார்களா என்று கேட்டால், தடை உள்ளவர் அதையும் தொடக் கூடாது. ஐந்து வருடம் டென்னிஸ் ஆடட்டும். மனது மறுபடி கனத்தால் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-க்கு ஃபோன் செய்யச் சொல்லுங்கள், நாள் முழுக்க ஆள் இருப்பார்கள்.

கேள்வி: துப்பாக்கிக் கடையில் ஃபாரம் கொடுத்தேன், பேக்ரவுண்ட் செக்கில் 'டிலேடு' (முடிவு தாமதம்) என்று வந்துவிட்டது. பல வருடம் முன்பு கவுன்சலிங் போனதைக் கண்டுபிடித்துவிட்டார்களோ?

பதில்: கவுன்சலிங் போனதெல்லாம் அங்கே இருக்காது. 'டிலேடு' வருவதற்குப் பல நேரம் பெயர்க் குழப்பம்தான் காரணம். அப்பா பெயரைக் கடைசிப் பெயராக வைத்துக்கொண்டு, இனிஷியலை ஒரு கார்டில் விரித்தும் இன்னொன்றில் சுருக்கியும் எழுதும் நம் ஆட்களுக்கு இது சகஜம். மூன்று வேலை நாளில் பதில் வராவிட்டால் மத்திய சட்டப்படி டீலர் விற்கலாம், ஆனால் விற்றே தீர வேண்டும் என்பதில்லை. 'டினைடு' (மறுக்கப்பட்டது) என்று வந்தால் டீலரிடம் பரிவர்த்தனை எண்ணை வாங்கி எஃப்.பி.ஐ.-யிடம் மேல்முறையீடு செய்யுங்கள். டீலருக்குக் காரணம் சொல்ல மாட்டார்கள், உங்களுக்குச் சொல்வார்கள்.

கேள்வி: பதற்றத்துக்கு டாக்டர் சிபாரிசில் மருத்துவக் கஞ்சா எடுக்கிறேன், மாநிலத்தில் அது சட்டப்படி சரி. மாத்திரை மாதிரிதானே இதுவும்?

பதில்: இல்லை. 4473-இல் இதற்குத் தனிக் கேள்வியே உண்டு. மாநிலம் அனுமதித்தாலும் மத்திய சட்டத்தில் கஞ்சா குற்றம்தான் என்று அந்த ஃபாரத்திலேயே எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறார்கள். உண்மையை எழுதினால் கடைக்காரர் விற்க மாட்டார்.