100% ஜூமில் தெரியும் நாய்ஸை வைத்து முடிவெடுக்காதீர்கள்

புது 24 மெகாபிக்சல் கேமராவில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் அளவு) 3200 வைத்து எடுத்த படத்தை 100% பெரிதாக்கினால் மணல் தூவியது போலப் புள்ளி புள்ளியாக நாய்ஸ் இருக்கிறது, பழைய 12 மெகாபிக்சலே தேவலை என்று எழுதியிருக்கிறீர்கள். திருப்பிக் கொடுக்க அவசரப்படாதீர்கள்.

24 அங்குல முழு ஹெச்டி திரையில் ஒரு பிக்சல் ஏறக்குறைய 0.277 மி.மீ. உங்கள் புதுப் படம் 6000 பிக்சல் அகலம். 100% என்றால் படத்தின் ஒரு பிக்சல் திரையின் ஒரு பிக்சலில் தெரியும்; அப்படி வைத்தால், 1.66 மீட்டர் அகலப் படத்தை அரை மீட்டர் தள்ளி உட்கார்ந்து துண்டு துண்டாகப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம். 4000 பிக்சல் பழைய படமோ அதே கணக்கில் 1.1 மீட்டர்தான். போட்டியே சமமில்லை!

அந்தத் தூரத்தில் நல்ல கண்ணுக்குச் சுமார் 0.15 மி.மீ. நுணுக்கம் வரை பிரிந்து தெரியும். ஆக, ஒவ்வொரு பிக்சலின் அழுக்கும் தெரியத்தான் செய்யும். இரண்டு படத்தையும் திரையின் 1920 பிக்சல் அகலத்துக்குக் குறைத்துப் பாருங்கள். புதுசில் ஏறக்குறைய பத்து பிக்சல் சேர்ந்து ஒன்றாகும். தாறுமாறான நாய்ஸ் சராசரியாகிச் சுமார் மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிடும்.

அப்புறம், நிற நுணுக்கத்தில் கண் கொஞ்சம் மந்தம். ஜேபெக் (படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் கோப்பு வகை) நிறத் தகவலைத் தாராளமாக வெட்டுவது அந்தத் தைரியத்தில்தான். ஆனால் நிழலில் பெரிய பச்சை, ஊதாத் திட்டுகள் இருந்தால் படத்தைச் சிறிதாக்கினாலும் போகாது. அப்படியென்றால்தான் நான் கவலைப்படுவேன்.

ஒரே காட்சி, ஒரே வெளிச்சம். எது எந்தக் கேமரா என்று சொல்லாமல் வீட்டில் யாரையாவது மாற்றி மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். முடிவை இங்கே போடுங்கள்.