காலையில உன் சத்தத்தையே காணல?

அன்புள்ள அக்காவுக்கு,

வயது 37. ஒரு தனியார் எஃப்.எம். நிலையத்தில் 11 வருடம் காலை நிகழ்ச்சி நடத்தினேன். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி முடிந்து ஹெட்போனைக் கழற்றி வைத்ததும் மேனேஜர் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். சென்னையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். "ஃபார்மேட் மாறுது, இளசுகளுக்கான குரல் வேணும், திங்கள்கிழமையிலிருந்து வர வேண்டாம்" என்றார். ராஜினாமாக் கடிதம் தயாராக டைப் அடித்து இருந்தது. கையெழுத்துப் போட்டால்தான் அந்த மாதக் காசு என்றார்கள். போட்டுவிட்டேன். ஐ.டி. கார்டை வாங்கிக்கொண்டார்கள். நேயர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன். "அதெல்லாம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். திங்கள் காலை என் நேரத்தில் சென்னையில் பதிவு செய்த நிகழ்ச்சி ஓடியது.

ஒப்பந்தத்தை வருடா வருடம் புதுப்பிப்பார்கள். பணம் சம்பளம் என்று வராது, 'தொழில்முறைக் கட்டணம்' என்றுதான் வரும். பி.எஃப். கிடையாது. வழக்குப் போட்டால் வேறு எந்த நிலையமும் சேர்க்காது என்கிறார்கள் கூட வேலை பார்த்தவர்கள். "பொம்பளப் பிள்ள கோர்ட்டு வாசல் ஏறணுமா" என்கிறார் அத்தை. நேற்று மார்க்கெட்டில் பூக்கார அம்மா, "என்னம்மா, காலையில உன் சத்தத்தையே காணல?" என்று கேட்டார். லீவில் இருக்கிறேன் என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு நடந்தது நியாயமா? நான் என்ன செய்ய?

– பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

அன்புத் தங்கைக்கு,

லீவில் இருக்கிறேன் என்று சொன்னீர்களே, அந்த வரியில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நானும் ஒரு காலத்தில் மைக் முன்னால் உட்கார்ந்தவள். வெளியூர் நிலையம் ஒன்றில் தற்காலிக அறிவிப்பாளர், மாதத்துக்கு ஆறு நாள் டியூட்டி. எந்தெந்தத் தேதி என்று மாதக் கடைசியில் தபால் வரும். ஒரு மாதம் வரவில்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் ஈரக் கையோடு வாசலுக்கு ஓடுவேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அடுத்த மாதமும் வரவில்லை. என்னை யாரும் நிறுத்தவில்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான். தெருவில் கேட்டவர்களிடம் தொண்டை சரியில்லை என்று சொல்லிவைத்தேன். ஒன்றரை வருடம் எனக்குத் தொண்டை சரியில்லாமல் இருந்தது.

அதனால் அந்தப் பொய்க்காக வெட்கப்பட வேண்டாம். ஆனால் நிறுத்திக்கொள்ளுங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் உங்களுக்குப் பிடிக்காத பாதியைச் சொல்லிவிடுகிறேன். காலை ஏழு மணி என்கிற நேரம் உங்களுடையதில்லை. 11 வருடம் பேசினாலும் அது நிலையத்தின் நேரம். சென்னையில் ஒருவரைப் பேசவைத்துப் பத்து ஊருக்கு ஓட்டினால் செலவு குறையும் என்று முதலாளி கணக்குப் போட்டால் அது அவருடைய கணக்கு. அந்தக் குரலுக்கு வண்ணார்பேட்டை எந்தப் பக்கம், தாழையூத்து எந்தப் பக்கம் என்று தெரியாமல் போனாலும் சரி, கேட்கிறவர்கள் ஸ்டேஷனை மாற்றும்போது அவர்கள் தெரிந்துகொள்வார்கள். என் நிகழ்ச்சியைத் திருப்பிக் கொடு என்று மட்டும் சண்டைக்குப் போகாதீர்கள். அதில் உங்கள் பக்கம் பலமில்லை.

உங்களை அனுப்பிய விதம் வேறு விஷயம். 11 வருடம் வேலை பார்த்தவரைப் பத்து நிமிடத்தில் எழுப்பிவிட்டது, உழைத்த காசைக் காட்டிக் கையெழுத்து வாங்கியது, கேட்டவர்களிடம் போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லவிடாதது, மூன்றுமே அநியாயம். இதில் நீங்கள் வாய் திறக்கலாம், திறக்கத்தான் வேண்டும்.

உங்கள் நிகழ்ச்சிக்கு முக்கூடலிலிருந்தும் மேலப்பாளையத்திலிருந்தும் பீடி சுற்றுகிற பெண்கள் நிறையப் பேர் போன் போட்டிருப்பார்கள். மடியில் சுளகு, பக்கத்தில் ரேடியோ, கை தன்பாட்டுக்கு இலையைச் சுருட்டிக்கொண்டிருக்கும். அவர்களிடம் பாஸ் புத்தகம் இருக்கிறது, பி.எஃப். கணக்கு இருக்கிறது. அது சும்மா வந்ததில்லை. இவர்கள் வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறார்கள், எங்கள் ஆட்களே இல்லை என்றுதான் பீடி முதலாளிகள் நெடுங்காலம் வாதாடினார்கள். 1966-இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. வீட்டில் இருந்து சுற்றுகிறவரும் தொழிலாளிதான் என்றது. ஆறு மாதம் வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான கூலியோ இல்லாமல் நிறுத்தக் கூடாது என்றும் எழுதிவைத்தது. முதலாளிகள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1974-இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. எண்பதுகளில், வீட்டில் சுற்றுகிறவர்களுக்கும் பி.எஃப். உண்டு என்று இன்னொரு தீர்ப்பு.

நீங்களோ நிலையத்துக்குள்ளேயே போய், அவர்கள் போட்ட டியூட்டியில், அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர். உங்களை எங்கள் ஆளே இல்லை, கட்டணம் வாங்கிக்கொண்டு சேவை தருகிறவர் என்கிறார்கள். மாவட்டம் முழுக்க உங்கள் குரல் தெரியும், ஆனால் முக்கூடலில் உங்கள் குரலைக் கேட்டுக்கொண்டே பீடி சுற்றிய அம்மாவிடம் இருந்த தாள் உங்களிடம் இல்லை.

இந்த வேலைக்கே உரிய சிக்கல் இது. பத்திரிகைக்காரர்களுக்கு 1955-லேயே தனிச் சட்டம் உண்டு. ஆட்குறைப்பு என்றால் ஆசிரியருக்கு ஆறு மாதம், மற்றப் பத்திரிகையாளருக்கு மூன்று மாதம் முன்னறிவிப்பு தர வேண்டும் என்றது அது. தனியார் எஃப்.எம்.மில் சொந்தமாகச் செய்தி வாசிக்க அனுமதியே கிடையாது, ஆகவே நீங்கள் பத்திரிகையாளர் கணக்கில் வரவில்லை. கலைஞர் என்று சொன்னால் அதிலும் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. நாடகக் கலைஞர்கள் தொழிலாளர் சட்டத்தில் சொல்லப்படும் தொழிலாளி ஆக மாட்டார்கள் என்று போபாலில் உள்ள பாரத் பவன் என்கிற கலை மையத்தின் வழக்கில் 2001-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்களுக்கு எதிராக முதலில் எடுத்து நீட்டப்போவது அந்தத் தீர்ப்பைத்தான். அதை இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், அங்கே போய் அதிர்ச்சி அடைய வேண்டாம்.

பதில் இல்லாமல் இல்லை. நீங்கள் பேசியது மட்டுமா உங்கள் வேலை? விளம்பரம் பதிவு செய்தது, பாட்டு வரிசை போட்டது, எடிட் பண்ணியது, கடைத் திறப்பு விழாவுக்கு நிலையத்தின் டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு நின்றது, இதெல்லாம் யார் சொல்லிச் செய்தீர்கள்? விரல் ரேகை வைத்து உள்ளே போனீர்களா? லீவு கேட்டுத்தான் எடுத்தீர்களா? வேறு நிலையத்தில் பேசக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்ததா? இவற்றுக்கு ஆமாம் என்றால், தாளில் கட்டணம் என்று எழுதியிருப்பது மட்டும் முடிவான பேச்சு ஆகிவிடாது.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. நீங்கள் தொழிலாளி என்று நிலைநாட்டப்பட்டால், ஆட்குறைப்புக்கு ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ உண்டு. முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு. 11 வருடத்துக்கு 165 நாள், ஏறத்தாழ ஐந்தரை மாதச் சம்பளம். பணிக்கொடை (கிராஜுவிட்டி) தனி. வேலையை விட்டு அனுப்பினால் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்றும் இருக்கிறது. கையெழுத்துக்காகப் பிடித்துவைத்தார்களே, அந்தக் காசைச் சொல்கிறேன். அவர்கள் தரப்பில், வருட ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை, இது ஆட்குறைப்பே இல்லை என்பார்கள். ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது என்று பாருங்கள். நடுவில் நிறுத்தியிருந்தால் அந்தப் பேச்சு நிற்காது. தேதி முடிந்த பிறகு நிறுத்தியிருந்தால் பத்து முறை புதுப்பித்ததைக் காட்டி வாதாட வேண்டியிருக்கும், அது கொஞ்சம் கடினம்தான்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அந்த ராஜினாமா. நாள் ஆக ஆக அது உண்மையான ராஜினாமா மாதிரியே ஆகிவிடும். இன்ன தேதி, இன்ன நேரம், இன்னார் முன்னால், மாதப் பணத்தைத் தர மாட்டோம் என்று சொன்னதால் கையெழுத்திட்டேன், என் விருப்பப்படி இல்லை, என்னை நிறுத்தியதற்கான காரணத்தை எழுத்தில் தாருங்கள் என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். திட்ட வேண்டாம், 11 வருட உழைப்பு என்று உருகவும் வேண்டாம். பாளையங்கோட்டைத் தலைமை அஞ்சலகத்தில் ஸ்பீடு போஸ்ட்டில், ஒப்புகை கேட்டு அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது, கவுன்டரில் தேடாதீர்கள். நகலில் ரசீதை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபீஸ் மெயிலை இந்நேரம் மூடியிருப்பார்கள். போனில் இருப்பதையாவது காப்பாற்றுங்கள். டியூட்டி போட்ட வாட்ஸ்அப் செய்திகள், பணம் ஏறிய பேங்க் ஸ்டேட்மென்ட், வரிப் பிடித்தம் காட்டும் வருமான வரிப் படிவம் 26ஏஎஸ், ஐ.டி. கார்டோடு எடுத்த ஏதாவது ஒரு போட்டோ. குரூப்பிலிருந்து உங்களை நீக்கியிருந்தாலும் பழைய செய்திகள் போனில் இருக்கும், அந்தக் குரூப்பை அழித்துவிடாதீர்கள்.

அத்தைக்கு ஒரு தகவல் சொல்லுங்கள். கடிதம் எழுதுவது கோர்ட்டு வாசல் ஏறுவது ஆகாது. அடுத்த படிகூடத் தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்னால் இரு தரப்பும் உட்கார்ந்து பேசுவதுதான். அங்கே 45 நாளில் முடியாவிட்டால்தான் தீர்ப்பாயம். அதற்கும் வேலை போன நாளிலிருந்து இரண்டு வருடம் வரை நேரம் இருக்கிறது. வக்கீலுக்குக் காசு என்று யோசித்தால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தர 1987-ஆம் வருடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நேரில் போய் மனுக் கொடுங்கள்.

வேறு நிலையம் சேர்க்காது என்கிற பயத்தை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். நெல்லையில் எஃப்.எம். நிலையங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், மேனேஜர்கள் ஒன்றாக உட்கார்ந்து டீ குடிக்கிறவர்கள். ஆனால் ஃபேஸ்புக்கில் அழுது லைவ் போட்டவரைப் பார்த்துப் பயப்படுகிற அளவுக்கு, ஒழுங்காகக் கடிதம் எழுதிக் கணக்கை முடித்துக்கொண்டவரைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. சமரசத்தில் தொகை பேசி முடித்தால் வெளியே தெரியவும் போவதில்லை.

'இளசுகளுக்கான குரல்' என்றார்களே, அதைக் கேட்டதும் இங்கிலாந்து நினைவுக்கு வந்தது. மிரியம் ஓ'ரைலி என்று பிபிசி தொலைக்காட்சியில் ஒரு தொகுப்பாளர். ஐம்பதைத் தாண்டிய பிறகு நிகழ்ச்சி நேரம் மாறுகிறது என்று சொல்லி அவரை விட்டுவிட்டார்கள். அவர் தீர்ப்பாயத்துக்குப் போனார். வயதைப் பார்த்துத்தான் ஒதுக்கினார்கள் என்று 2011 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. பிபிசி மன்னிப்பும் கேட்டது. நம் ஊரில் தனியார் வேலையில் வயதைக் காட்டி ஒதுக்குவதைத் தடுக்கத் தனிச் சட்டம் இல்லை, அதனால் அந்த வழி உங்களுக்குத் திறக்காது. என்றாலும் சென்னையிலிருந்து வந்தவர் சொன்ன வார்த்தையைக் கடிதத்தில் அப்படியே எழுதிவிடுங்கள். காரணம் என்ன என்று கேட்கும்போது அவர்கள் வாயாலேயே சொன்ன காரணம் பதிவில் இருக்கட்டும். 37 வயதுக் குரல் கிழக்குரல் என்றால் எனக்கு வேறு கோபம் வருகிறது, அதை விடுங்கள்.

நேயர்களிடம் விடைபெறுவது எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். திருநெல்வேலிக்கு வானொலி நிலையம் 1963-இல் வந்தது. அப்போதிருந்தே இந்த ஊர்க்காரர்கள் அறிவிப்பாளரை வீட்டு ஆள் மாதிரி வைத்துப் பழகியவர்கள். ஒருநாள் குரல் வரவில்லையென்றால் உடம்புக்கு என்னவோ என்று நினைப்பார்கள். உங்கள் போனிலேயே இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். 11 வருடம் கேட்டீர்கள், இனி அந்த நேரத்தில் நான் வர மாட்டேன், நன்றாக இருக்கிறேன், அவ்வளவு போதும். நிலையத்தின் பெயர் வேண்டாம், அவர்கள் இசைத் துணுக்கும் வேண்டாம். நீங்கள் நிகழ்ச்சியில் வைத்துக்கொண்ட பெயர் நிலையம் வைத்ததாக இருந்தால் ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். அப்பா அம்மா வைத்த பெயர் என்றால் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பூக்கார அம்மாவுக்கு வருகிறேன். அடுத்த தடவை கேட்டால், "நிப்பாட்டிட்டாவம்மா" என்று சொல்லிவிடுங்கள். லீவு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தால், நாளைக்கு நீங்களாகத்தான் போனீர்கள் என்று அவர்கள் சொல்லும்போது உங்கள் பக்கம் பேச ஒரு சாட்சி இருக்காது. சொன்னதும் அந்த அம்மா "எதுக்கும்மா?" என்று கேட்பார். அதற்கு உங்களிடம் பதில் இல்லை. "கேட்டு எழுதிப் போட்டிருக்கேன்" என்று சொல்லுங்கள். அதற்குள் தபாலைப் போட்டிருக்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா