தூக்கம் வந்தால் ரசனை இல்லையா?

கேள்வி: என் தம்பி ஒரு திரைப்படச் சங்கத்தில் உறுப்பினன். அவன் சிபாரிசு செய்யும் படங்களைப் பார்க்க உட்கார்ந்தால் அரைமணி நேரத்தில் எனக்குக் கண் சொக்கிவிடுகிறது. எனக்குப் பிடித்தவை திகில் படங்களும் துப்பறியும் படங்களும்தான். "அதெல்லாம் வெறும் பொழுதுபோக்கு அக்கா, கலையே இல்லை" என்கிறான். போன வாரம் அவன் நண்பர்கள் முன்னால், பாதி தூங்கிவிட்ட ஒரு படத்தைப் 'பிரமாதம்' என்று வேறு சொல்லித் தொலைத்தேன். கலைப்படம், பொழுதுபோக்குப் படம் என்று உண்மையிலேயே இரண்டு சாதி உண்டா? எனக்குத்தான் ரசனை போதவில்லையா?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: அந்தப் 'பிரமாதம்' போகட்டும், விடுங்கள். அன்றைக்கு அந்த அறையில் தூங்கியவர் நீங்கள் ஒருவர் மட்டும்தான் என்று எனக்குத் தோன்றவில்லை.

தம்பி எதிரெதிராக நிறுத்தும் இரண்டும் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள். படம் ஓடும்போது உங்களை நாற்காலியில் பிடித்து வைக்கிறதா என்பது ஒன்று. அதை எடுத்தவர் எதைப் பார்த்தார், அதை எவ்வளவு நுட்பமாகச் செய்தார் என்பது இன்னொன்று. இரண்டுக்குமே 'ஆம்' என்று பதில் வரும் படங்கள் உண்டு. இரண்டுக்குமே 'இல்லை' என்று வருபவையும் ஏராளம். திரைப்பட விழாக்களிலும் அவை ஓடுகின்றன; தம்பி அதைச் சொல்லியிருக்க மாட்டான்.

உங்கள் கட்சிக்காரர் ஒருவரையே எடுத்துக்கொள்வோம், திகில் பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக். ஆட்களை நடுங்கவைப்பதையே தொழிலாகக் கொண்டவர். 1960-இல் 'சைக்கோ' வெளியானபோது, படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று தியேட்டர்களுக்கு நிபந்தனை போட்டார். பச்சையான வியாபாரத் தந்திரம். ஆனால் அந்தக் குளியலறைக் கொலையைப் பாருங்கள். முக்கால் நிமிடம் ஓடும் காட்சியை எடுக்க ஒரு வாரம் ஆனது. கத்தி உடலில் இறங்குவதை அநேகமாக எங்கேயும் காட்டுவதில்லை. கை, முகம், தண்ணீர், திரைச்சீலை, மறுபடி கை என்று துண்டு துண்டாக வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்; மிச்சத்தை நம் மூளை பார்த்துக்கொள்கிறது. ரத்தமாக ஓடியது சாக்லேட் சிரப், கறுப்பு வெள்ளையில் யாருக்குத் தெரியப்போகிறது! அந்த இடத்தில் இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் வயலின்களைக் கீச்சிடவைத்துக் காட்டியதும் மனம் மாறினார். இதில் கலை எந்த ஷாட்டோடு முடிகிறது, பொழுதுபோக்கு எந்த ஷாட்டில் தொடங்குகிறது என்று தம்பியைக் காட்டச் சொல்லுங்கள். பயமுறுத்தியாக வேண்டும் என்ற தேவைதானே அந்தப் படத்தொகுப்பையே உண்டாக்கியது?

இத்தனைக்கும் ஐந்து முறை பரிந்துரைக்கப்பட்டும் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் அவருக்குக் கிடைக்கவில்லை. அவரைக் கலைஞராக மதித்து வாதாடியவர்கள் 1950-களின் இளம் பிரெஞ்சு விமர்சகர்கள். அவர்களில் ஒருவரான த்ரூஃபோ 1962-இல் அவரை நாள்கணக்கில் பேட்டி கண்டு, பிறகு புத்தகமாகவே போட்டார். 1958-இல் பெரிதாக எடுபடாத ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ', 2012-இல் 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் சினிமா இதழ் விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் உலகின் மிகச் சிறந்த படமாக வந்தது. படத்தில் ஒரு ஃபிரேம்கூட மாறவில்லை.

அடுத்த வாக்கெடுப்பு 2022-இல். (இடையில் வாக்களித்தவர்கள் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பானது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) இந்த முறை முதலிடம் பெல்ஜிய இயக்குநர் ஷான்டல் அகர்மனின் 'ஜான் டீல்மன்'. 1975-இல் வந்த படம், மூன்று மணி இருபது நிமிடம். ஒரு பெண் மூன்று நாள் வீட்டுவேலை செய்கிறாள். உருளைக்கிழங்கு உரிப்பதைக்கூட கேமரா அசையாமல் நின்று பார்க்கிறது. சரி, உங்களைத் தூங்கவைக்கும் ரகம்தான். ஆனால் முதல் நாள் அவள் ஒழுங்கை விடாமல் பார்த்துவிட்டால், இரண்டாம் நாள் கிழங்கு அளவுக்கு மேல் வெந்துபோவதே நமக்குத் திடுக்கென்கிறது. ஏதோ நடக்கப்போகிறது என்று வயிற்றைப் பிசைய ஆரம்பிக்கும். நடக்கவும் செய்கிறது. திகில் பட ரசிகையான உங்களுக்கு அந்த உணர்வு புதிதல்ல. ஹிட்ச்காக் நிமிடங்களில் கட்டுவதை இவர் மணிக்கணக்கில் கட்டுகிறார், அவ்வளவுதான்.

எல்லா மெதுவான படமும் இப்படி இல்லை. கலைப்படம் என்பதே தனக்கென்று வாய்ப்பாடுகள் உள்ள ஒரு வகைதான் என்று அமெரிக்க ஆய்வாளர் டேவிட் போர்ட்வெல் 1979-லேயே எழுதினார். எதை நோக்கிப் போகிறோம் என்று தெரியாத நாயகன், விடை சொல்லாமல் நிறுத்தும் முடிவு, இப்படி. வாய்ப்பாடு இருந்தால் போலிகளும் வரும். வெறும் நீளத்தை ஆழம் என்று விற்கிறவர்கள் உண்டு, அவர்களிடம் தூங்கியதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அவசரப்படாமல் ஒரு முறை பாருங்கள். அலுத்து வந்த ராத்திரியில் வேண்டாம்; பகலில், விளக்கை அணைத்துவிட்டு, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் பாருங்கள். மறுநாள் ஏதாவது ஒரு காட்சி தானாக நினைவுக்கு வருகிறதா என்று கவனியுங்கள். ஒன்றுமே வரவில்லையென்றால் 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று தாராளமாகச் சொல்லலாம். எந்த இடத்தில் படம் உங்களைக் கைவிட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னால், அதைவிட நல்ல விமர்சனத்தை அவன் சங்கத்தில்கூட அடிக்கடி கேட்டிருக்க மாட்டான்.

அப்புறம், தம்பியோடு ஒரு பேரம். ஒரு வாரம் அவன் படம், மறுவாரம் உங்கள் படம். சத்யஜித் ராயே 'பதேர் பாஞ்சாலி' எடுத்த பிறகு பேய்களின் அரசன் வரம் கொடுக்கும் குழந்தைகள் படமும், துப்பறியும் படங்களும் எடுத்தவர்தானே. அவன் முகம் சுளித்தால் இதை ஞாபகப்படுத்துங்கள். முதல் வாரத்துக்கு இருவரும் ஒத்துப்போகக்கூடியது ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'ஏழு சாமுராய்'. 207 நிமிடம் என்று பயப்படாதீர்கள். கடைசியில் மழையில் நடக்கும் சண்டை உங்களுக்கு, அதை அவர் பல கேமராக்களை வைத்து எடுத்தவிதம் அவனுக்கு. நடுவில் படத்திலேயே இடைவேளை இருக்கிறது, காலை நீட்டிக்கொள்ளலாம்.