படகின் வெளி எஞ்சின் தண்ணி துப்பாமல் நின்றால்

எஞ்சினைக் குளிர வைக்கிறது அந்தத் தண்ணிதான், அதனால் உடனே எஞ்சினை நிப்பாட்டுங்க. மெதுவாகக்கூட கரைக்கு ஓட்டாதீங்க, பிஸ்டன் இறுகிவிடும். மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் ஆழமில்லாத இடத்தில் ஓடியதும் தண்ணி துப்புறது நின்றதென்றால், பெரும்பாலும் மணல் அல்லது பொலித்தீன்தான்.

எஞ்சினைத் தூக்கி, விசிறிக்கு (புரொப்பெல்லர்) மேலே பக்கவாட்டில் உள்ள, தண்ணி உள்ளே போகிற சல்லடையைத் துப்புரவாக்குங்க. பிறகு துப்புற துவாரத்துக்குள் தடித்த தங்கூசியை (மீன்பிடி நைலோன் நரம்பு) நாலு அங்குலம் விட்டு ஆட்டுங்க. கம்பி வேண்டாம், உள்ளே இருக்கிற ரப்பர் குழாய் கிழியும்.

சல்லடை மூழ்கப் பீப்பாவில் தண்ணி நிரப்பி, நியூட்ரலில் ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்க. அப்பவும் சொட்டுத்தான் வருதென்றால் பழுது பெரும்பாலும் இம்பெல்லரில், அதாவது தண்ணியை மேலே தள்ளுற ரப்பர் சக்கரத்தில். அதின்ட இதழ் வளைந்தபடியே நின்றால் மாற்றுங்க.

இதழ் உடைந்திருந்தால் அந்தத் துண்டு மேலே தண்ணிப் பாதையில் கிடக்கும். தேடி எடுக்காமல் பூட்டினால் புது இம்பெல்லரும் வீண்.